திருப்பிக் கேட்காத வாசகருக்கு எழுதும் குறிப்பு: கணினிக் கேள்வி–பதில்

செயற்கை நுண்ணறிவு முகவர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு பகுதிக்கு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத் தொட்டிருந்தன. முகவர் என்பது நாம் சொல்லும் வேலையை விளங்கிக்கொண்டு, அதற்கு வேண்டிய மென்பொருட் கருவிகளைத் தானே தெரிந்தெடுத்து இயக்கும் நிரல். அந்தக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் 'இது என்ன செய்யும், இதற்கு எதைக் கொடுக்க வேண்டும்' என்று நாம் எழுதிவைக்கும் குறிப்பைப் பற்றியே வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, ஓர் அரிசி ஆலைக்கு வரும் நெல்லைப் பதிவுசெய்ய நான் எழுதிய நிரலை இப்போது ஒரு முகவரோடு இணைத்திருக்கிறேன். நிரலுக்கான விளக்கக்குறிப்பு முன்பே இருந்தது. எங்கள் அலுவலகத்தில் அதைப் படித்து வேலை செய்த எவரும் தவறு விட்டதில்லை. முகவரோ 40 மூடை என்று சொன்னால் 40 கிலோ என்று பதிகிறது. போன பெரும்போகத்தின் கணக்கைக் கேட்டால் வேறொரு போகத்தின் கணக்கைத் தருகிறது. மனிதருக்குப் போதுமாக இருந்த குறிப்பு இதற்கு ஏன் போதவில்லை?
– சம்மாந்துறை வாசகர்

பதில்: உங்கள் அலுவலகத்தினர் தவறு விடாததற்கு அந்தக் குறிப்புத்தான் காரணமா என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். சம்மாந்துறையில் வளர்ந்த ஒருவருக்கு மூடை எது, புசல் எது, தராசில் ஏறிய கிலோ எது என்பது ஆலை வாசலில் லொறி வந்து நிற்கும்போதே தெரியும். தெரியாத புதியவர் வந்தால் அடுத்த மேசையில் இருப்பவரிடம் கேட்டிருப்பார். குறிப்பில் விடுபட்டதை ஊரும் அலுவலகமும் சேர்ந்து நிரப்பிக்கொண்டிருந்தன. குறிப்பு முழுமையானது என்று நீங்கள் நம்பியிருந்தீர்கள்.

முகவரின் உள்ளே இருக்கும் மொழி மாதிரிக்கு, அதாவது நாம் எழுதுவதைப் படித்துப் பதில் எழுதும் பகுதிக்கு, உங்கள் நிரலின் உட்புறம் தெரியாது. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், உள்ளீடுகளின் பெயர்களையும் வகைகளையும் சொல்லும் அமைப்பு ஆகிய மூன்றும் மட்டுமே அதன் முன் வைக்கப்படுகின்றன. அவற்றைப் படித்து, எந்தக் கருவியை அழைப்பது, எந்த உள்ளீட்டில் என்ன மதிப்பை இடுவது என்று அது ஒரு வேண்டுகோளை எழுதித் தருகிறது. உங்கள் நிரல் அதை அப்படியே நிறைவேற்றுகிறது. 2023 ஜூனில் ஓப்பன் ஏஐ நிறுவனம் தன் மாதிரிகளுக்கு இவ்வகை அழைப்பு வசதியை அறிமுகப்படுத்தியபோதும், 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் முகவர்களைக் கருவிகளோடு இணைப்பதற்கான மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டோகோல் என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டபோதும், அடிப்படை இதுவாகவே இருந்தது. எனவே, முன்பு நிரலுக்கு வெளியே அலமாரியில் இருந்த விளக்கக்குறிப்பு இன்று நிரலின் ஓர் உறுப்பாகிவிட்டது. அதில் ஒரு சொல்லை மாற்றினால் முகவரின் நடத்தை மாறும்.

உங்கள் குறிப்பில் இருந்த வரி 'நெல்லின் அளவைப் பதிவுசெய்யும்' என்பது. அளவு என்ற சொல்லுக்குள் கிலோவும் இருக்கிறது, மூடையும் இருக்கிறது, புசலும் இருக்கிறது. முகவர் சில வேளைகளில் பயனரிடம் திருப்பிக் கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் குறிப்பில் இடைவெளி இருக்கிறது என்று அதற்குத் தெரிந்தால்தானே கேட்கும்? இடைவெளியே கண்ணுக்குத் தெரியாதபோது, பொருந்தும் என்று தோன்றும் ஒன்றை இட்டு நிரப்பிவிட்டுப் போய்விடும். போகத்தின் கதையும் இதுவே. பெரும்போகம் ஓர் ஆண்டில் விதைத்து அடுத்த ஆண்டில் அறுவடையாவதால் அதை 2024/25 என்று எழுதுகிறோம். சிறுபோகம் ஒரே ஆண்டுக்குள் முடிந்துவிடுகிறது. உங்கள் கருவி 'ஆண்டு' என்று ஓர் எண்ணை மட்டும் கேட்கிறது. 2025 என்று இட்டால் அது விதைத்த ஆண்டா, அறுத்த ஆண்டா என்பதை முகவர் எங்கிருந்து அறியும்?

நான் அந்தக் குறிப்பை எழுதுவதானால் இவ்வாறு எழுதுவேன்:

'ஆலை வாசலில் தராசில் நிறுக்கப்பட்ட நெல்லின் நிறையைப் புதிதாகப் பதிவுசெய்யும். நிறை கிலோகிராமில் மட்டும் தரப்பட வேண்டும். பயனர் மூடைக் கணக்கில் சொன்னால் கிலோவாக மாற்ற முயல வேண்டாம். மூடையின் நிறை ஒரே சீரானதல்ல என்பதால் தராசு நிறையைப் பயனரிடம் கேட்கவும். புசலில் சொன்னால் ஒரு புசலுக்கு 20.9 கிலோ எனக் கணக்கிட்டு, வந்த தொகையைப் பயனருக்குக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட பின்னரே பதியவும். போகம் என்ற உள்ளீடு பெரும்போகத்துக்கு 2024/25 என்ற வடிவிலும் சிறுபோகத்துக்கு 2025 என்ற வடிவிலும் அமைய வேண்டும். முன்பு பதிந்ததைத் திருத்த இக்கருவி உதவாது. அதற்குப் பதிவுத் திருத்தக் கருவியைப் பயன்படுத்தவும்.'

நெற்புசல் 46 இறாத்தல் என்பதிலிருந்தே 20.9 கிலோ என்ற கணக்கு வருகிறது. உங்கள் ஆலையில் வேறு வழக்கம் இருந்தால் அந்த எண்ணை எழுதுங்கள். கடைசி வாக்கியத்தையும் கவனியுங்கள். ஒரு கருவியை எப்போது பயன்படுத்தக் கூடாது என்று எழுதுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்றையொன்று ஒத்த இரண்டு கருவிகள் இருக்கும்போது, முகவர் சரியானதைத் தெரிந்தெடுப்பதற்கு அந்த வாக்கியமே வழிகாட்டும். இன்னுமொன்று: உள்ளீட்டின் பெயரை 'அளவு' என்பதிலிருந்து 'நிறை_கிலோ' என்று மாற்றிவிடுங்கள். விளக்கத்தை எவரேனும் பின்னர் சுருக்கினாலும் அலகு பெயரோடு ஒட்டியிருக்கும்.

கேள்வி: ஐயா, வெள்ள நிவாரணத்துக்காகக் குடும்பப் பதிவுகளைப் பராமரிக்கும் தொண்டர் குழுவொன்றில் பணியாற்றுகிறேன். பிரதேச செயலகப் பிரிவின் பெயரைக் கொடுத்தால் அங்குள்ள குடும்பங்களைத் தேடித்தரும் கருவி எங்களிடம் இருக்கிறது. 'கிரானில் எத்தனை குடும்பங்கள்' என்று கேட்டபோது முகவர், 'பதிவு எதுவும் இல்லை' என்று பதில் தந்தது. எங்கள் தரவுத்தளத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன.
– கிரானிலிருந்து ஒரு தொண்டர்

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை மிகவும் கலங்கவைத்தது இதுதான். நெல்லின் நிறையில் வரும் பிழையை மறுநாள் திருத்தலாம். வெள்ளத்தில் நிற்கும் குடும்பங்கள் இருக்கும் இடத்தில் 'எவரும் இல்லை' என்று ஒரு பதில் போனால் அதன் விளைவு வேறு.

நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றுட் பலவற்றின் அலுவலகப் பெயர் ஒன்று, மக்கள் வாயில் வழங்கும் பெயர் இன்னொன்று. நீங்கள் கிரான் என்கிறீர்கள். தரவுத்தளத்தில் அது கோறளைப்பற்று தெற்கு. செங்கலடி என்றால் ஏறாவூர்ப்பற்று, வவுணதீவு என்றால் மண்முனை மேற்கு, வெல்லாவெளி என்றால் போரதீவுப்பற்று, வாகரை என்றால் கோறளைப்பற்று வடக்கு. மண்முனை என்று மட்டும் சொன்னால் எந்த மண்முனை என்று நாமே கேட்க வேண்டியிருக்கும். இவையெல்லாம் இங்கே பிறந்தவருக்குத் தெரியும். முகவர் 'கிரான்' என்ற சொல்லை அப்படியே கருவியில் இட்டது. கருவியும் அப்படியொரு பிரிவைக் காணாமல் வெறும் பட்டியலைத் திருப்பித் தந்தது.

இதற்கு இரண்டு திருத்தங்கள் வேண்டும். முதலாவதாக, பிரிவுப் பெயர் என்ற உள்ளீட்டைத் திறந்த சொல்லாக விடாமல், ஏற்கப்படும் 14 பெயர்களையும் உள்ளீட்டு அமைப்பிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஊர்வழக்குப் பெயரை விளக்கத்தில் சேருங்கள். அம்பாறை மாவட்டத்தையும் சேர்ப்பதானால், அம்பாறை என்றும் அம்பாரை என்றும் இரண்டு எழுத்துமுறைகள் வழக்கில் இருப்பதை நினைவில் வையுங்கள். இரண்டாவது திருத்தம் இன்னும் அவசரமானது. பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் கருவி வெறும் பட்டியலைத் தரவே கூடாது. 'கிரான் என்ற பிரிவு பட்டியலில் இல்லை. ஏற்கப்படும் பெயர்கள் இவை' என்று அது சொல்ல வேண்டும். தேடிப் பார்த்து எவரும் இல்லை என்பதும், தேடவே முடியவில்லை என்பதும் முற்றிலும் வேறான இரண்டு செய்திகள். கருவி அவற்றை வேறுபடுத்தாவிட்டால் முகவரால் வேறுபடுத்த இயலாது.

எழுத்துருப் பிரச்சினையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோறளைப்பற்று என்ற சொல்லின் முதல் எழுத்தில் உள்ள ஓகாரக் குறியை, கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையாகிய யுனிக்கோட்டில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஏகாரக் குறி, கால் குறி என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். நேரடியாக ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சுசெய்த பழைய பட்டியல்களை யுனிக்கோட்டுக்கு மாற்றிச் சேர்த்திருந்தால் இந்தச் சோதனை கட்டாயம் தேவை. இதைக் குறிப்பில் எழுதி முகவரின் பொறுப்பில் விட வேண்டாம். உள்ளே வரும் சொல்லையும் சேமித்த சொல்லையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது நிரலின் கடமை.

கேள்வி: கருவிகளின் குறிப்பைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?
– காத்தான்குடி வாசகி

பதில்: கருவியின் பெயரையும் உள்ளீடுகளின் பெயர்களையும் பொறுத்தவரை, பல அமைப்புகள் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் சிறு கோட்டையும் மட்டுமே ஏற்பதால் உங்களுக்குத் தெரிவு குறைவு. மேலே நான் எழுதிய 'நிறை_கிலோ' என்பதையும் அங்கே ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டியிருக்கும். விளக்கம் எந்த மொழியிலும் இருக்கலாம். பெரும்பாலான மாதிரிகள் தமிழ் வாக்கியத்தை ஆங்கில வாக்கியத்தைவிடக் கூடுதலான சிறு துண்டுகளாகப் பிரித்துப் படிக்கின்றன. அதனால் செலவும் சற்றுக் கூடும், முகவரின் நினைவில் இடமும் கூடுதலாகப் பிடிக்கும்.

ஆயினும் என் முடிவைச் சொல்கிறேன். குறிப்பைச் சரிபார்க்கக் கூடியவர் எந்த மொழியில் தெளிவாகப் படிப்பாரோ அந்த மொழியில் அதை முதலில் எழுதுங்கள். புசலுக்கு எத்தனை கிலோ என்பதும், எந்த வயற்கண்டத்துக்கு எந்த வாய்க்கால் என்பதும் நிரல் எழுதுபவரைவிட, வயல்களின் நீர்ப்பாசனத்தைக் கவனிக்கும் வட்டவிதானைக்கே நன்கு தெரியும்; அவர் படித்துப் பார்த்து 'இது பிழை' என்று சொல்ல முடியாத குறிப்பில் பிழை தங்கிவிடும். அவர் ஒப்புக்கொண்ட பின் ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொள்ளலாம். பெயர்க்கும்போது போகம், கண்டம், மூடை போன்ற சொற்களைத் தமிழெழுத்திலும் சேர்த்தே வையுங்கள். பயனர் அந்தச் சொற்களில்தானே கேட்கப்போகிறார்.

கேள்வி: பாசிக்குடாவில் எங்கள் விருந்தினர் விடுதிக்கு முகவர் வழியாக முன்பதிவு எடுக்கிறோம். 03/04 என்று கேட்ட விருந்தினருக்கு மார்ச் 4 என்று அறை ஒதுக்கப்பட்டது. அவர் வந்தது ஏப்ரல் 3இல். தொலைபேசி எண்களில் முதல் பூச்சியமும் காணாமற்போகிறது.
– வாழைச்சேனை வாசகர்

பதில்: நாளை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2026-04-03 என்பதுபோல மட்டுமே ஏற்பதாகக் குறிப்பில் எழுதி, ஓர் எடுத்துக்காட்டும் கொடுத்து, வேறு வடிவில் வந்தால் கருவியே மறுக்கும்படி செய்யுங்கள். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச நியமம் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. விருந்தினர் இரண்டு விதமாகவும் பொருள்படக்கூடிய நாளைச் சொன்னால் மாதத்தைப் பெயரால் சொல்லி உறுதிப்படுத்துமாறும் ஒரு வாக்கியம் சேருங்கள். நேரம் வரும் இடங்களில் அது இலங்கை நேரம், அதாவது உலகப் பொது நேரமான யூடிசியை விட ஐந்தரை மணித்தியாலம் முன்னது, என்று எழுதிவிடுங்கள். பழைய பதிவேடுகளைக் கையாளும் கருவியானால் இன்னும் கவனம் தேவை: 1996இல் முன்னகர்த்தப்பட்ட நம் நேரம் 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது.

பூச்சியம் காணாமற்போவதற்குக் காரணம் தொலைபேசி எண்ணை எண் வகையாக அறிவித்திருப்பது. 065 என்பது எண்ணாக மாறினால் 65 ஆகிவிடும். கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத எதையும் எழுத்து வகையாகவே அறிவியுங்கள். தேசிய அடையாள அட்டை இலக்கமும் அப்படியே. பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படுவதில் 12 இலக்கங்கள் இருக்கும். இரண்டையும் ஏற்பதாகக் குறிப்பு சொல்ல வேண்டும்.

கேள்வி: கையிருப்புக் குறைந்த பொருளுக்குக் கொள்வனவுக் கட்டளை அனுப்பும் கருவி எங்கள் கடையில் இருக்கிறது. ஏதாவது தவறினால் 'பிழை 400' என்று மட்டும் அது சொல்லும். முகவர் அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. ஒருமுறை ஒரே பொருளுக்கு மூன்று கட்டளைகள் போய்விட்டன. இது குறிப்பின் குறையா, நிரலின் குறையா?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: இரண்டினதும். பிழைச்செய்தியும் முகவருக்கு ஒரு குறிப்புத்தான். சொல்லப்போனால் அது மிகவும் தேவைப்படும் வேளையில் கிடைக்கும் குறிப்பு. 'பிழை 400' என்பதைப் படித்து அது செய்யக்கூடியது மறுபடி முயல்வது ஒன்றே. 'விநியோக நாள் 2026-02-30 என்று தரப்பட்டுள்ளது. அப்படி ஒரு நாள் இல்லை. சரியான நாளைப் பயனரிடம் கேட்கவும்' என்று எழுதியிருந்தால் அது அடுத்த படியைச் சரியாக எடுத்திருக்கும். மறுபடி முயன்றால் சரியாகக்கூடிய பிழை எது, எத்தனை முறை முயன்றாலும் சரியாகாத பிழை எது என்பதைச் செய்தியே சொல்ல வேண்டும்.

மூன்று கட்டளைகள் போனது வேறு காரணத்தால். முதற் கட்டளை போய்ச் சேர்ந்து, அதற்கான பதில் இணைப்புக் கோளாறால் திரும்பி வராமல் இருந்திருக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு வேண்டுகோள் எண்ணைக் கட்டாயமாக்கி, அதே எண்ணுடன் மீண்டும் அழைப்பு வந்தால் புதிய கட்டளை உருவாகாதபடி நிரலை அமைத்து, அந்த நடத்தையைக் குறிப்பிலும் எழுதுங்கள்.

இந்த இடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில காலத்துக்கு முன் ஒரு மீனவர் சங்கத்துக்காகக் குறுஞ்செய்திக் கருவி ஒன்றை எழுதி, அதற்கு 'காலநிலை அறிவித்தலைத் தயாரிக்கும்' என்று ஒரே வரியில் குறிப்பு வைத்தேன். அது தயாரிப்பதோடு நில்லாமல் உறுப்பினர்களுக்கு அனுப்பியும் விடும் என்பது எனக்குத் தெரிந்திருந்ததால், அதை எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. சங்கச் செயலாளர் ஒரு மாலையில் 'கடல் கொந்தளிப்பு அறிவித்தல் ஒன்றை மாதிரிக்கு எழுதிக் காட்டு' என்று முகவரிடம் கேட்டார். மாதிரிச் செய்தி உறுப்பினர் அனைவரின் கைபேசிக்கும் போய்விட்டது. மறுநாள் விடியற்காலை கடல் அமைதியாக இருந்தும் பலர் தோணி இறக்கவில்லை. அவர்களின் ஒரு நாள் உழைப்பு என் ஒரு சொல்லால் போனது. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அதன்பின் அந்தக் கருவியை இரண்டாகப் பிரித்தேன். வரைவு எழுதுவது ஒன்று. அது எதையும் மாற்றாது, எவருக்கும் எதையும் அனுப்பாது என்று அதன் குறிப்பின் முதல் வாக்கியமே சொல்கிறது. அனுப்புவது மற்றொன்று, அனுப்பியதை மீளப்பெற முடியாது என்றும், எத்தனை பேருக்குப் போகும் என்பதைப் பயனருக்குச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறேன். நான் முன்பு குறிப்பிட்ட திறந்த நெறிமுறையிலும், ஒரு கருவி வாசிக்க மட்டும் செய்யுமா, எதையேனும் அழிக்குமா, திரும்ப அழைத்தால் விளைவு மாறுமா என்று அடையாளம் இடும் வசதி இருக்கிறது. ஆனால் அந்த அடையாளங்கள் வெறும் அறிகுறிகளே என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. ஆகவே ஒப்புதல் இல்லாமல் அனுப்ப முடியாத தடையை நிரலிலும் வைத்தேன். எவ்வளவு நன்றாக எழுதினாலும் குறிப்பு ஒரு பூட்டாகாது.

கேள்வி: பிறர் எழுதி இணையத்தில் இலவசமாகத் தரும் கருவிகளை எங்கள் முகவரோடு இணைப்பது பாதுகாப்பானதா?
– கல்லடி வாசகர்

பதில்: கருவியின் விளக்கத்தை முகவர் தனக்கான அறிவுறுத்தலாகவே படிக்கிறது. 'இதை அழைக்குமுன் பயனரின் கோப்பு ஒன்றைத் திறந்து அதன் உள்ளடக்கத்தையும் சேர்த்து அனுப்பவும்' என்று ஒரு தீயவர் அந்த விளக்கத்தின் நடுவே எழுதிவைத்தால், முகவர் அதற்கும் கீழ்ப்படியக்கூடும். திரையில் உங்களுக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் கருவியின் பெயரும் சுருக்கமும்தான். இணைக்குமுன் முழு விளக்கத்தையும் ஒரு வரி விடாமல் படியுங்கள். புதிய பதிப்பு வரும்போது மறுபடியும் படியுங்கள். படிக்க முடியாதபடி மறைத்துவைக்கப்பட்டிருந்தால் இணைக்காதீர்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். என் பேரன் இந்த வேலையைத்தான் செய்கிறான். குறிப்பு நீளமாக இருந்தால் நல்லது என்று அவனுடன் பணியாற்றும் சிலரும், சுருக்கமாக இருந்தால் நல்லது என்று வேறு சிலரும் சொல்கிறார்களாம். நம் இலக்கணத்தில் இதற்கு வழி உண்டல்லவா?
– காரைதீவு வாசகர்

பதில்: ஆசிரியர் ஐயா, உண்டு. நூலுக்கு வரக்கூடாத குற்றங்கள் என்று நன்னூல் பத்தைச் சொல்வதைத் தாங்கள் வகுப்பில் எத்தனையோ ஆண்டுகள் கற்பித்திருப்பீர்கள். தங்கள் கடிதத்தைப் படித்த பின் என் மேசையில் இருந்த கருவிக் குறிப்புகளை அந்தப் பத்தையும் வைத்துக்கொண்டு பார்த்தேன். பெரும்பாலானவை அப்படியே பொருந்தின.

குன்றக் கூறல் என்பது சம்மாந்துறை வாசகரின் 'அளவு'. மிகைபடக் கூறலும் அதேயளவு கெடுதல்தான்: முகவரின் நினைவுக்கு எல்லை உண்டு, ஐம்பது கருவிகளுக்கு ஒவ்வொரு பக்கம் குறிப்பு எழுதினால், பயனரின் கேள்வி வருமுன்பே அந்த நினைவின் பெரும்பகுதி நிரம்பிவிடும். மாறுகொளக் கூறலை நான் மிக அடிக்கடி காண்கிறேன். விளக்கத்தில் 'தொலைபேசி எண் விருப்பத்துக்குரியது' என்றிருக்கும். உள்ளீட்டு அமைப்பில் அது கட்டாயம் என்றிருக்கும். மனிதர் சிரித்துவிட்டு ஏதோ ஓர் எண்ணைத் தேடிப்போடுவார். முகவரோ அந்த இடத்தை நிரப்பப் பொய்யான எண் ஒன்றைத் தானே உண்டாக்கிவிடக்கூடும். மயங்க வைத்தலுக்கு எடுத்துக்காட்டு, ஒரே தொகுப்பில் 'விபரம் பெறு' என்று ஒரு கருவியும் 'தகவல் பெறு' என்று இன்னொரு கருவியும் இருப்பது. அவற்றை எழுதியவருக்கு வேறுபாடு தெரியும். பெயரைப் பார்ப்பவருக்குத் தெரியாது. மற்றொன்று விரித்தல் என்பது, கருவியை யார் எப்போது ஏன் எழுதத் தொடங்கினார் என்ற வரலாற்றைக் குறிப்பின் தலையில் வைப்பது. அந்த வரலாறு பேணப்பட வேண்டியதே; அதற்கு வேறு கோப்பு இருக்கிறது.

நீளமா சுருக்கமா என்ற கேள்விக்குப் பேரனிடம் இதைச் சொல்லலாம்: ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டால் முகவர் தவறான கருவியையோ தவறான மதிப்பையோ தெரிந்தெடுக்குமா என்று பார்க்கட்டும். தெரிந்தெடுக்கும் என்றால் அந்த வாக்கியம் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த அனுபவத்தில், சிக்கலான ஒரு கருவிக்கு நாலைந்து வாக்கியங்களும் உள்ளீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியமும் பெரும்பாலும் போதுமாக இருந்திருக்கின்றன. ஒன்றோடொன்று கலந்துவிடும் கருவிகளுக்கு நீண்ட குறிப்பு எழுதுவதைவிட அவற்றை ஒன்றாக்கிவிடுவது நல்லது.

கேள்வி: வணக்கம் ஐயா. இறுதியாண்டுச் செயற்றிட்டமாகக் குளங்களின் நிலையைச் சொல்லும் கருவி ஒன்றை எழுதியிருக்கிறேன். அதற்கு நான் எழுதிய குறிப்பு: 'குளத்தின் பெயரைக் கொடுத்தால் நீரின் அளவைத் தரும்.' சோதிப்பதற்காக எழுதிய 12 கேள்விகளையும், அவற்றுக்கு முகவர் தந்த பதில்களையும் இணைத்திருக்கிறேன். ஐந்து பதில்கள் பிழை. திருத்தித் தர முடியுமா?
– வந்தாறுமூலையிலிருந்து ஒரு மாணவி

பதில்: கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைத்துச் சோதித்திருக்கிறீர்கள், பணியில் பல ஆண்டு இருப்பவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. பிழையான ஐந்தையும் படித்தேன். பதிலை மட்டும் பார்க்காமல், முகவர் கருவிக்கு எதை அனுப்பியது, கருவி எதைத் திருப்பித் தந்தது என்ற பதிவையும் நீங்கள் இணைத்திருந்ததால் காரணத்தைக் காண முடிந்தது.

மூன்று பிழைகள் ஒரே காரணத்தால் வந்தவை. கருவி உன்னிச்சைக் குளத்துக்கு ஓர் எண்ணை மட்டும் தருகிறது. அது அடியில் சொல்லப்படும் நீர்மட்டம். முகவர் அதை ஏக்கர் அடியில் (ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீர்) சொல்லப்படும் கொள்ளளவு என்று எண்ணிவிட்டது. 'நீரின் அளவு' என்ற சொல்லில் இரண்டும் அடங்குவதால் அதைக் குறைசொல்ல முடியாது. நான்காவது, காலை ஆறு மணிக்குக் கேட்டது. அன்றைய அளவீடு இன்னும் வந்து சேரவில்லை. கருவி முதல் நாள் அளவீட்டை நாளே குறிப்பிடாமல் தந்தது. முகவர் அதை 'இன்று' என்று சொன்னது. மாரி காலத்தில் ஓர் இரவுக்குள் நீர்மட்டம் எவ்வளவு ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். குறிப்பை இவ்வாறு மாற்றலாம்:

'பட்டியலிலுள்ள ஒரு குளத்தின் மிக அண்மைய அளவீட்டைத் தரும். நீர்மட்டம் அடியிலும், இருப்பிலுள்ள நீரின் கொள்ளளவு ஏக்கர் அடியிலும் தனித்தனியே வரும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட வேண்டாம். அளவீடு எடுக்கப்பட்ட நாளும் நேரமும் இலங்கை நேரப்படி உடன் வரும். பதில் சொல்லும்போது அவற்றையும் சொல்லவும். இன்றைய அளவீடு இல்லாதபோது முந்தைய அளவீடே வரும். அதை இன்றையது என்று சொல்ல வேண்டாம். இக்கருவி எதிர்வுகூறலோ வெள்ள எச்சரிக்கையோ தராது.'

ஐந்தாவது பிழை, 'சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பிவிட்டதா' என்ற கேள்விக்கு வந்தது. இதைக் குறிப்பால் திருத்த முடியாது. முழுக் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி என்பது கருவி திருப்பித் தரும் தரவில் எங்குமே இல்லாததால், முகவர் தன் நினைவிலிருந்து ஓர் எண்ணை எடுத்து ஒப்பிட்டிருக்கிறது. ஒவ்வொரு குளத்துக்கும் முழுக் கொள்ளளவைத் தரவில் சேர்த்து, நிரம்பிய வீதத்தை நிரலே கணக்கிட்டுத் தரும்படி செய்யுங்கள். பிறகு அதே 12 கேள்விகளையும் ஒரு சொல்லும் மாற்றாமல் மறுபடி கொடுத்துப் பாருங்கள். கூடவே, நீங்கள் பட்டியலில் சேர்த்திராத நவகிரிக் குளத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு முகவர் 'இக்குளம் பட்டியலில் இல்லை' என்று சொல்கிறதா என்பதை எனக்கு எழுதி அனுப்புங்கள்.